தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு ஒரு பவுன் போட்டே ஆக வேண்டுமா?

சிப்புட் அம்மா எழுதியது:

வணக்கம். மலேசியா, பேராக் மாநிலம், சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். மூத்த மகளுக்கு இந்த மார்ச் மாதம் கல்யாணம் முடிந்தது, வருகிற 2025 அக்டோபர் 20 தலை தீபாவளி. மகளும் மாப்பிள்ளையும் நம் வீட்டுக்கு வருகிறார்கள், அந்தச் சந்தோஷத்தில் ஒரு குறையும் இல்லை. போன வாரம் சம்பந்தி அம்மா போனில் பலகாரம் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், அவர் தங்கை மகனுக்குப் பெண் வீட்டில் கைச்சங்கிலி போட்டார்கள், நம்ம பையனுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம், ஒரு பவுனில் மோதிரம் இருந்தால் போதும் என்று சொன்னார். கேட்டார் என்று சொல்ல முடியாது, சொன்னார், அவ்வளவுதான். அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

வீட்டுக்காரர் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டுகிறார், நான் பள்ளி கேண்டீனில் சமையல். இரண்டு சம்பளமும் சேர்ந்து மாசம் 2,900 வெள்ளி (ரிங்கிட்) வரும். வீட்டுக்கடன் போகிறது, சின்னவர்கள் இரண்டு பேர் படிக்கிறார்கள், கல்யாணத்துக்கு வாங்கிய கடனே இன்னும் மூன்று வருஷம் கட்ட வேண்டும். தீபாவளி 20ஆம் தேதி, எங்கள் சம்பளமோ மாசக் கடைசியில்.

என் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கலாமா, சேமநிதியில் (இ.பி.எஃப்.) எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கில் இருப்பதை எடுக்கலாமா, இல்லை எங்கள் தாமான் (குடியிருப்பு) பெண்கள் நடத்தும் கூட்டு என்கிற சீட்டில் சேர்ந்து முதல் சீட்டை எடுக்கலாமா என்று மூன்று வழி யோசித்து வைத்திருக்கிறேன். மகள் ஒன்றும் வேண்டாம்மா என்கிறாள். ஆனால் அந்த வீட்டில் இருக்கப் போகிறவள் அவள்தானே, நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அதைக் கேட்பவளும் அவள்தான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிராணி மகன்:

அக்கா, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். இந்த 2025 அக்டோபரில் தங்கம் ஒரு அவுன்ஸ் 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டிவிட்டது, அதுவரை இல்லாத விலை. 8 கிராம் ஒரு பவுன் என்றால் கூலி சேர்க்காமலே 4,000 வெள்ளிக்கு மேல். உங்கள் இரண்டு பேர் சம்பளத்தையும் ஒரு சென் செலவழிக்காமல் வைத்தாலும் ஒரு மாசத்தில் அந்த மோதிரம் வராது.

அடகுக்கடையில் சட்டப்படி மாசம் 2 விழுக்காடு வரை வட்டி. 3,000 வெள்ளி வாங்கினால் மாசம் 60, ஆறு மாசத் தவணைக்குள் 360 வெள்ளி வட்டி மட்டும். ஆறாவது மாசம் வரும்போது பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவு, அப்புறம் ஒரு வைத்தியச் செலவு என்று ஏதாவது ஒன்று வந்து நிற்கும், சங்கிலி திரும்பி வராது. ஒரு வீட்டுக் கழுத்தில் இருந்த தங்கம் இன்னொரு வீட்டு விரலுக்குப் போகிறது, நடுவில் கடைக்காரருக்கு 360 வெள்ளி.

மூன்றாம் கணக்கு 2024 மே மாசம்தான் வந்தது. மாசாமாசம் சேமநிதிக்குப் போகும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு அதில் விழும். 1,700 வெள்ளி சம்பளம் என்றால் தொழிலாளி 11, முதலாளி 13 விழுக்காடு, மொத்தம் 408. அதில் 40 வெள்ளி சொச்சம்தான் மூன்றாம் கணக்குக்கு, வருஷத்துக்கு ஏறக்குறைய 490. அதில் எவ்வளவு இருந்துவிடப் போகிறது? 2024ஆம் வருஷத்துக்கு 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்த பணம் அது, வீட்டில் யாராவது படுத்துவிட்டால் உடனே எடுக்க இருக்கும் ஒரே பணமும் அதுதான்.

கூட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். 1971லேயே இதற்குத் தடைச்சட்டம் வந்துவிட்டது, அது நிறையப் பேருக்குத் தெரியாது. பிடிக்கிறவர் பணத்தோடு போய்விட்டால் போலீசில் என்ன சொல்லி நிற்பீர்கள்? கல்யாணக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது, ஆலோசனைக்கு ஒரு காசும் வாங்க மாட்டார்கள், போய்ப் பேசுங்கள்.

பீடோர் அக்கா:

எல்லாவற்றையும் கணக்காகவே பார்த்தால் உறவு எதற்கு? நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தலை தீபாவளி வாழ்க்கையில் ஒரு தடவைதான் வரும். என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டின காலத்திலேயே என் வீட்டுக்காரருக்கு அரைப் பவுன் மோதிரம் போட்டார், அதை இன்றைக்கும் அவர் கழற்றவில்லை, அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்த மோதிரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா ஞாபகம் வரும். முடிந்ததைச் செய்யுங்கள் தங்கச்சி, ஒரு பவுன் முடியாவிட்டால் ஒரு கிராமாவது போடுங்கள், வெறும் கையோடு அனுப்பாதீர்கள், பெண் மனசு சுருங்கிப் போகும்.

லூனாஸ் மருமகன்:

நான் அந்த மாப்பிள்ளை இடத்தில் இருந்தவன், அதனால் எழுதுகிறேன். நான்கு வருஷத்துக்கு முன் என் தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டில் சங்கிலி போட்டார்கள். தட்டில் பழம், பட்டுவேட்டி, நடுவில் சங்கிலி. என் அக்கா படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார், எல்லாரும் வாழ்த்தினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல விரும்பவில்லை.

அடுத்த வருஷம் மாமனாருக்குக் காலில் புண் வந்து மருத்துவமனையில் படுத்தபோதுதான் மனைவி அழுதுகொண்டே சொன்னாள், அந்தச் சங்கிலிக்காக அவர் வட்டிக்கு வாங்கியிருக்கிறார், உரிமம் இல்லாத ஆளிடம். உரிமம் உள்ளவர் பிணை இல்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, இந்த ஆள் மாசத்துக்கே அதைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்தான். வீட்டு வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். சங்கிலியை விற்று அடைத்தோம், போதவில்லை, என் மோட்டார் சைக்கிளையும் விற்றோம். மாமனார் அதற்கப்புறம் என் முகத்தை நேராகப் பார்க்கவே மாட்டார். எனக்கு அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது. அவர் என்னோடு உட்கார்ந்து பசியாறுவார், தோட்டத்துக் கதை சொல்வார், அதெல்லாம் போய்விட்டது.

அம்மா, உங்கள் மாப்பிள்ளையிடமே பேசுங்கள். அவருக்கு இது தெரியவே தெரியாமல் இருக்கலாம். என்னிடம் யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று நானே என் அம்மாவிடம் சொல்லியிருப்பேன்.

பழைய லயத்துக்காரர்:

பிள்ளைகளே, நான் எழுபதைத் தாண்டியவன், பேரன் போனில் தட்டுகிறேன். நாங்கள் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) இருந்தபோது எல்லாரும் காலையில் ஒரே பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நின்றோம், கூலியும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் மறைக்க முடியாது. தீபாவளிக்கு எட்டு வீடு சேர்ந்து ஓர் ஆடு வாங்குவோம், பங்கு போட்டு வாழையிலையில் வைத்துக் கொடுப்போம். ஒரே துணியில் அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் சட்டை தைப்பார்கள். சீனக் கடைக்காரர் 555 என்ற சின்னக் கடன் புத்தகத்தில் எழுதிக்கொண்டு மாவும் எண்ணெயும் கொடுப்பார், தீபாவளி முடிந்து இரண்டு மாசம் அந்தக் கடனைக் கட்டுவோம். வசதி இருந்தது என்று சொல்லவில்லை, கஷ்டம்தான். ஆனால் இல்லாததை இருப்பதாகக் காட்ட வேண்டிய தேவை இல்லை.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், தாமானுக்கு வந்தோம், கதவு அடைத்தாகிவிட்டது. இப்போது பக்கத்து வீட்டுக்காரனுக்கு நம்மைப் பற்றித் தெரிவதெல்லாம் வாசலில் நிற்கும் காரும் போனில் போடும் படமும்தான். பணம் வைத்த அங்பாவ் உறையைக் கொடுத்தால் சின்னப் பிள்ளை நம் முன்னாலேயே பிரித்துப் பார்க்கிறது, அதுவும் நாம் சொல்லிக் கொடுத்ததுதான்.

நம் சிப்புட் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளிகள் சேர்ந்து தோட்டம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினபோது என் அப்பா பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார். அந்த வருஷம் எங்களுக்குப் புதுச்சட்டை இல்லை. அம்மா சண்டை போட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை, அந்தப் பங்குத் தாளை மட்டும் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். சிப்புட் தங்கச்சி, பீடோர் அக்கா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, கையில் இருந்து கொடுத்தால் அது சீர். அவர் அப்பா கையில் இருந்ததைக் கொடுத்திருப்பார். முடியாது என்பதைச் சம்பந்தியிடம் நீங்கள் போனில் சொல்ல வேண்டாம், இரண்டு பேரும் நேரில் போய் உட்கார்ந்து சொல்லுங்கள்.

சிப்புட் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. லூனாஸ் தம்பி எழுதியதை வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன், அவர் எழுந்து வெளியே போய்விட்டார், ரொம்ப நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

மாப்பிள்ளையிடம் மகள் பேசினாள், அவருக்கு ஒன்றும் தெரியாதாம். ஞாயிற்றுக்கிழமை முறுக்கும் நெய்யுருண்டையும் எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனோம். 300 வெள்ளிக்குள் வேட்டி சட்டையும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல குக்கரும் வாங்குவோம், தங்கம் எங்களால் முடியாது, கடன் வாங்கிச் செய்தால் அது உங்கள் மருமகள் தலையில்தான் வந்து நிற்கும் என்று சொன்னேன். குரல் நடுங்கியது. சம்பந்தி அம்மா முகம் மாறியது, கொஞ்ச நேரம் பேசவே இல்லை. சம்பந்தி ஐயாதான், சரிம்மா, பிள்ளைங்க வந்து நல்லா சாப்பிட்டுட்டு வரட்டும் என்றார். அந்த அம்மா மனசு ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன், அதற்கு நாள் ஆகும். மகள் அன்று இரவு போன் பண்ணி, அம்மா நல்லவேளை சொன்னீங்க என்றாள். என் சங்கிலி கழுத்தில்தான் இருக்கிறது.

அப்புறம், எங்கள் வரிசையில் நான்கு வீடு சேர்ந்து ஆடு வாங்குகிறோம். சிப்புட்டில் இருப்பவர்கள் யாராவது பங்கு சேர்வதென்றால் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள், இன்னும் இரண்டு வீட்டுக்கு இடம் இருக்கிறது.