லாலாங் புல்லு மண்டிப்போன நிலத்தை விக்கிறதுக்கு முன்னாடி என்ன பண்ணணும்?

சிப்புட்காரன்:
வணக்கம் எல்லாருக்கும். சுங்கை சிப்புட்ல அப்பா வாங்கிப் போட்ட ரெண்டு ஏக்கர் ரப்பர் நிலம் ஒண்ணு இருக்கு, கிராண்டு, அதான் நிலப் பட்டா, இப்ப என் பேர்லயும் தங்கச்சி பேர்லயும் இருக்கு. நாங்க ரெண்டு பேருமே கோலாலம்பூர்ல வேலை, ரப்பர் மரத்தை வெட்டினதுக்கு அப்புறம் பாக்க ஆளில்லாம நிலம் பூரா லாலாங் ஆகிப்போச்சு, ஓடைப் பக்கம் பாத்தா மரம் மட்டையெல்லாம் மூடி ஏறுமே ஒரு கொடி, மலாய்ல செலாப்புட் துங்குல்னு சொல்வாங்க, அது வேற. பக்கத்து நிலத்து அங்கிள் உங்க லாலாங் என் செம்பனைக் கன்னுக்குள்ள வருதுன்னு போன் பண்ணி ஏசுறாரு, அவர் மேல தப்பு இல்ல.

இப்ப வாங்குறதுக்கு ஒருத்தர் வந்திருக்காரு. ரிடையர் ஆன காசுல வாங்குறாரு, காய்கறி போடணும்னு ஆசை. ஏஜென்ட் என்ன சொல்றாருன்னா மண்ணு தோண்டுற பேக்ஹோ மெஷினை விட்டு ஒரு தடவை பொரட்டி மேல நாலு லோரி செம்மண் கொட்டிட்டா பச்சையே தெரியாது, அவர் வந்து பாத்ததும் சைன் பண்ணிடலாமாம். இன்னொருத்தர் கொளுத்தி விடுங்கங்கறாரு. எனக்கு ரெண்டுமே மனசுக்கு ஒப்பல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய மண்டோர்:
தம்பி, பேக்ஹோவை உள்ள விடாதீங்க. லாலாங்கை ஒரு பிடி தோண்டி எடுத்துப் பாருங்க, அடியில வெள்ளையா கணு கணுவா சின்ன கரும்பு மாதிரி கிழங்கு ஓடும், நுனி ஊசியா இருக்கும், மரவள்ளிக் கிழங்கையே குத்திக்கிட்டு அந்தப் பக்கம் வந்துரும். அதைத் துண்டு துண்டா வெட்டிப் பொரட்டினா ஒவ்வொரு கணுவும் ஒரு செடி, இருந்ததை விட அதிகமா வரும், அதுக்கு மேல செம்மண்ணைக் கொட்டினா அதையும் துளைச்சுக்கிட்டு வந்துரும், பாவம் அந்த ரிடையர் ஆனவர் கத்திரிக்கா நடுறப்ப லாலாங்தான் பிடுங்கிக்கிட்டு இருப்பாரு. கொளுத்துறதும் வேஸ்ட்டு, மேல இருக்கிற தாள்தான் எரியும், கிழங்குக்கு ஒண்ணும் ஆகாது, மழை பெய்ஞ்சதும் புதுசா முளைச்சு பூவும் விடும், அந்தப் பஞ்சு விதை காத்துல பறந்து ஊர் பூரா போகும். அதுவுமில்லாம திறந்த வெளியில எரிக்கிறது 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்துல குத்தம், அபராதம் மட்டுமில்ல ஜெயிலும் உண்டு.

மருந்துதான் அடிக்கணும், கிளைஃபோசேட், அது இலையில பட்டு கிழங்கு வரைக்கும் இறங்குற மருந்து. இலை பச்சையா நல்லா வளர்ந்திருக்கும்போது அடிக்கணும், நம்ம பக்கம் மத்தியானத்துக்கு மேல மழை பிடிச்சுக்கும், அதனால காலையிலேயே அடிச்சிடணும். ஒரு தடவையில முடியாது. காஞ்சதுக்கு அப்புறம் அங்கங்க மறுபடி தலை காட்டும், அதை விடாம தேடிப் போய் அடிக்கணும். அந்தக் காலத்துல தோட்டத்துல இதுக்குன்னே தனி கேங்கு இருந்துச்சு, மருந்துல துணியை நனைச்சு தாளைத் தாளா துடைச்சு விடுவாங்க. எல்லாரும் கோட்டை விடுறது இந்த ரெண்டாவது ரவுண்டுலதான். அப்புறம் நிலத்தைச் சும்மா விடாதீங்க, லாலாங் நிழல்ல நிக்காது, புவேரேரியாங்கிற கொடியை மூடுபயிரா (கவர் கிராப்) போட்டா அது மூடிக்கும், காய்கறி போடுறவருக்கு அந்த மண்ணும் நல்லதுதான். முகுனா பிராக்டியேட்டாங்கிற மூடுபயிர்க் கொடி மட்டும் ரெண்டு ஏக்கர்ல வேணாம், அது அங்கிளோட செம்பனை மேலயே ஏறிடும்.

லாயர் ஆபீஸ் அக்கா:
மண்டோர் அண்ணன் சொன்னது மண்ணுக்கு, நான் பேப்பருக்குச் சொல்றேன் தம்பி. நம்ம நாட்டுல இன்ன களை இருக்கு இல்லன்னு விக்கிறவர் ஃபாரம் நிரப்புற வழக்கம் கிடையாது. இங்கிலாந்துல வீடு விக்கிறவங்ககிட்ட டிஏ6னு ஒரு ஃபாரத்துல ஜப்பானிய நாட்வீட் இருக்கான்னே கேட்பாங்க, 2018ல அங்க அப்பீல் கோர்ட்டு, ரயில்வே நிலத்துல இருந்த அந்தக் களையால பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு நஷ்ட ஈடு கிடைக்கணும்னே தீர்ப்பு குடுத்துச்சு. இங்க வாங்குறவர்தான் பாத்து வாங்கணும், இருக்கிறது இருக்கிறபடினு எஸ்பிஏல, அதான் விக்கிற வாங்குற ஒப்பந்தத்துல, ஒரு வரி போடுவாங்க. ஆனா சும்மா வாயை மூடிக்கிட்டு இருக்கிறது வேற, தெரிஞ்சே மறைக்கிறது வேற. 1950 ஒப்பந்தச் சட்டம் 17ஆவது பிரிவுல, தெரிஞ்ச விஷயத்தை வேணும்னே மறைக்கிறது மோசடியில சேரும், 19ஆவது பிரிவுப்படி ஏமாந்தவர் ஒப்பந்தத்தையே செல்லாதுன்னு சொல்ல முடியும். செம்மண் கொட்டி மூடுறது அந்த மறைக்கிற வேலைதான். ஏஜென்ட் கமிஷனை வாங்கிட்டுப் போயிடுவாரு, கேஸு வந்தா கோர்ட்டு வாசல்ல நிக்கப் போறது நீங்களும் தங்கச்சியும்.

இன்னொண்ணு, கிராண்டை எடுத்து விவசாயம்னு போட்டிருக்கான்னு பாருங்க. போட்டிருந்தா 1965 தேசிய நிலச் சட்டம் 115ஆவது பிரிவுப்படி அதை விடாம பயிர் பண்ணிக்கிட்டு இருக்கணும்னு நிபந்தனை உண்டு, தரிசாப் போட்டு வச்சா லேன்ட் ஆபீஸ் நோட்டீஸ் அனுப்ப இடம் இருக்கு. எல்லைக் கல்லும் முக்கியம்! லாலாங்குக்குள்ள மறைஞ்சு போயிருக்கும், புல்லு வெட்ட ஆளை விடுறதுக்கு முன்னாடியே கல்லைத் தேடிக் கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டிடுங்க, கிடைக்கலைன்னா லைசென்ஸ் உள்ள சர்வேயர்தான் திரும்ப நட முடியும்.

தோட்டத்துப் பொண்ணு:
மருந்து அடிக்க ஆள் விடப் போறீங்கன்னா ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன் அண்ணா. எங்கம்மா வருசக்கணக்கா தோட்டத்துல முதுகுல பம்பைச் சுமந்து மருந்து அடிச்சவங்க, அவங்க செட்டு பொம்பளைங்க நெறைய பேருக்கு நகம் கறுத்து உதிரும், மூக்குல ரத்தம் வரும், கையுறை கிழிஞ்சா மாத்தித் தர மாட்டாங்க. அவங்க அடிச்ச பாராகுவாட்ங்கிற களைக்கொல்லியை 2020 ஜனவரி 1லேர்ந்து நம்ம நாட்டுல தடை பண்ணியாச்சு, இருந்தும் பழைய ஸ்டாக்கு இருக்குன்னு யாராச்சும் கொண்டு வந்தா தயவு செஞ்சு வாங்காதீங்க, வாய்க்குள்ள போனா மாத்து மருந்தே கிடையாது. அது லாலாங் இலையைத்தான் கருக்கும், கிழங்கை ஒண்ணும் பண்ணாது, அதனால உங்களுக்கு அதுல புண்ணியமும் இல்ல. கிளைஃபோசேட்டுக்கும் பூட்ஸ், கையுறை, மாஸ்க், கண்ணாடி எல்லாம் வாங்கிக் குடுங்க, கூலியில பிடிக்காதீங்க. ஓடைக்கிட்ட அடிக்கவே வேணாம்.

சிப்புட்காரன்:
ரொம்ப நன்றி. ஓடைப் பக்கம் அடிக்கக் கூடாதுன்னா அந்தக் கொடியை என்ன பண்றது? வெட்டி விட்டா போதுமா?

பழைய மண்டோர்:
போதாது தம்பி. மைக்கானியா அது, தண்டு மண்ணுல பட்ட இடத்துல எல்லாம் வேர் விடும், வெட்டி அங்கேயே போட்டா அதுவும் பிடிச்சுக்கும். பூக்குறதுக்கு முன்னாடி வேரோட கையால பிடுங்கி, தார்ப்பாய் மேல போட்டு வெயில்ல நல்லாக் காய விடுங்க. ஓடையில மட்டும் தள்ளிடாதீங்க, கீழ இருக்கிறவங்க நிலத்துக்குப் போயிடும். வாங்குறவரைக் கூட்டிக்கிட்டுப் போய் கிழங்கைத் தோண்டிக் காட்டுங்க. ஒண்ணு நீங்க ரெண்டு ரவுண்டு அடிச்சு முடிச்சுக் குடுங்க, இல்லாட்டி அந்தச் செலவை விலையில கழிச்சுக் குடுங்க, அவருக்கு எது தோதோ அதை லாயர்கிட்ட சொல்லி எஸ்பிஏலயே எழுத வச்சுக்குங்க. அங்கிளுக்கும் இன்னைக்கே போன் பண்ணி எல்லை ஓரத்துல இருந்துதான் ஆரம்பிக்கப் போறோம்னு சொல்லிடுங்க.