மாட்டு வைத்தியர் கேரக்டர் ஆடியவர்கள் வாங்க, உங்கள் மூலிகைக் கதையைச் சொல்லுங்க

கோயம்புத்தூரில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு கேரக்டராகக் கதை பேசி, நினைத்தது நடக்குமா என்று டைஸ் உருட்டிப் பார்க்கிற ஆட்டம்; பெரிய எண் விழுந்தால் நல்லது. கதை நடத்துவது நான். ரூல்ஸ் மட்டும்தான் இங்கிலீஷ், ஆட்டம் முழுக்கத் தமிழ். எங்கள் குழுவில் ஒருத்திக்கு வாள், வில், மந்திரம் எதிலும் ஆசையில்லை. "நான் மாட்டு வைத்தியச்சி. ஊர் ஊரா நடந்து போவேன். தோள்ல ஒரு பச்சிலைப் பை, அவ்வளவுதான்" என்று ஆரம்பித்தாள்.

ரூல் புத்தகத்தில் இப்படிப்பட்டவளுக்கு இருப்பது கொஞ்சம். 5 பொற்காசுக்கு ஒரு மூலிகைப் பெட்டி. அதை வைத்து ஹீலிங் போஷன், அதாவது காயம் ஆற்றும் மருந்து, காய்ச்சலாம். குடித்தால் இரண்டு நான்முக டைஸ் உருட்டி, கூட 2 சேர்த்து, அத்தனை ஹெச்பி (கேரக்டரின் உயிர்க்கணக்கு) ஏறும். மனுசன் குடித்தாலும் அதே கணக்கு, குதிரை குடித்தாலும் அதே கணக்கு. ஐந்தாறு செஷன் இப்படியே ஓடியது. "பச்சிலை தடவுறேன்." "டைஸ் போடு." "எட்டு." "சரி, ஆறிடுச்சு." அவளுக்கே கொட்டாவி வந்துவிட்டது.

ஒருநாள் சோற்றுக்கற்றாழை மடல், மஞ்சள்தூள், பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு என்று ஒரு பையோடு வந்து நின்றாள். அன்றைய கதையில் ஒரு குடியானவனின் கறவை மாட்டுக்கு மடிநோய். மடி கல்லாய் இறுகி, காம்பில் பால் திரிதிரியாக வருகிறது. "டைஸ் போடமாட்டேன், செஞ்சு காட்டுறேன்" என்றாள். கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50, சுண்ணாம்பு 15. இது அவள் கற்பனை இல்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையம் விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்த அதே அளவு. அவள் தாத்தா வீட்டுத் தொழுவத்தில் அந்தத் தாள் இன்னும் ஒட்டியிருக்கிறதாம்.

மடலைத் தோலோடு துண்டு போட்டு மிக்ஸியில் அடித்து, மஞ்சளைக் கொட்டி, கடைசியில் சுண்ணாம்பைப் போட்டாள். மஞ்சள் நிறம் அப்படியே செங்கல் சிவப்பாகத் திரும்பியது. ஆரத்தித் தட்டில் எல்லோரும் பார்த்த சங்கதிதான். ஆனாலும் அந்த நேரத்தில் மேஜையைச் சுற்றி யாரும் பேசவில்லை. மந்திரவாதி ஆடுகிற பையன் மட்டும், "இதுக்கு எத்தனை மானா?" என்று மந்திர சக்திக் கணக்குக் கேட்டான்.

அதற்கப்புறம்தான் வினை. பாலை முழுக்கக் கறந்து, மடியைக் கழுவி, விழுதில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூச வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். "அஞ்சு நாள் இந்த ஊர்லயா? ஓர்க் அரக்கப் படை மூணு நாள்ல வந்துரும்டி!" என்று வாள்காரன் கத்தினான். மாட்டை விட்டுவிட்டு ஓடுவதா, தங்கி ஊரைக் காப்பதா என்று ஒன்றரை மணி நேரம் சண்டை. எங்கள் குழு ஆடியதிலேயே நல்ல செஷன் அதுதான் என்பேன்.

அன்றிலிருந்து போஷனைத் தூக்கிவிட்டேன். எங்கள் மேஜையில் மூலிகைக்கு நேரம் பிடிக்கும், ஆள் பிடிக்கும், எந்தப் பிராணிக்கு என்று தெரிய வேண்டும், தப்பாகக் கொடுத்தால் கெடுதலும் வரும். உங்களுக்கு இப்படி ஏதாவது மாட்டியிருக்கிறதா?

*

வணக்கம். நான் கால்நடை மருத்துவர். பகலெல்லாம் நிஜ மாடு, வெள்ளிக்கிழமை ராத்திரி ஆன்லைனில் கற்பனை மாடு. முதலில் தொழில்புத்தி பேசிவிடுகிறேன்: வீட்டு மாட்டுக்கு மடி வீங்கினால் பூசுவதைப் பூசுங்கள், கூடவே டாக்டரையும் கூப்பிடுங்கள். ரெண்டு நாள் பார்க்கலாம் என்று இருந்தால் அந்தக் காம்பு போய்விடும்.

இப்போது என் கதை. ஆட்டத்தில் கதை நடத்துவது நான். எங்கள் குழுவின் வைத்தியர் ஒரு ஓநாய் வளர்த்தார். முந்தின ஊரில் மாடுகளுக்குக் கோமாரி வந்தபோது அவர் செய்த உருண்டை நன்றாக வேலை செய்தது. அதுவும் நிஜச் செய்முறைதான்: சீரகம், வெந்தயம், மிளகு மூன்றிலும் பத்துப் பத்து கிராம் ஊறவைத்து, பத்து கிராம் மஞ்சளும் நாலு பல் பூண்டும் சேர்த்து அரைத்து, வெல்லமும் ஒரு தேங்காய்த் துருவலும் போட்டுப் பிசைவது. வாய் புண்ணாகி இரை எடுக்காத மாடு தேங்காயும் வெல்லமும் இருப்பதால் எப்படியோ நக்கிவிடும். குழு வெற்றிக்களிப்பில் இருந்தது.

அடுத்த ஊரில் ஓநாய்க்கு வாயில் அடிபட்டுப் புண். "அதே உருண்டைதான், பூண்டை மட்டும் தூக்கலா போட்டுக்கறேன், கிருமி சாகும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் ஊட்டினார். நான்காம் நாள் காலை, "ஓநாய் எழுந்திருக்கல" என்றேன். டைஸ் எடுத்தார். "டைஸ் வேண்டாம், என்ன பாக்கறீங்கன்னு சொல்லுங்க" என்றேன். கண் பார்த்தார், மூக்கு பார்த்தார். கடைசியில் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெள்ளைக் காகிதம் மாதிரி. மூத்திரம் காப்பி டிக்காஷன் நிறம்.

நாய் இனத்துக்குப் பூண்டும் வெங்காயமும் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். ஒரு வாய் பட்டால் ஒன்றும் ஆகாது, தொடர்ந்து போனால் ஆகும். கொடுத்த அன்றைக்கே தெரியாது, சில நாள் கழித்துத்தான் காட்டும். அதனால்தான் நிஜத்திலும் பாதிப் பேருக்கு எதனால் வந்தது என்றே பிடிபடுவதில்லை. அவருக்குப் பிடிபட்டது. ஓநாய் பிழைக்கவில்லை. மைக்கை மியூட்டில் போட்டுவிட்டார், ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. அடுத்த வாரம் வரும்போது நோட்டில் கோடு போட்டு, மாடு, குதிரை, நாய், பூனை, பறவை என்று பத்தி பிரித்து எழுதிக்கொண்டு வந்தார்.

*

சங்க காலம் மாதிரி உலகம் கட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கதை நடத்துகிற எங்கள் ஜிஎம்மோடு இதற்காக நான் போடாத சண்டை இல்லை.

எல்லா வைத்தியரும் முதலில் பறிப்பது வெட்டுக்காயப்பூண்டு. கசக்கிச் சாறு பிழிந்தால் ரத்தம் நிற்கும், சரி. ஆனால் அது அமெரிக்காவிலிருந்து வந்த செடி. சீத்தா விதை அரைத்துப் பேன் கொல்கிறீர்களா? அதுவும் அங்கிருந்துதான். பப்பாளி, மிளகாய் எதுவும் பாண்டியன் காலத்தில் கிடையாது. வேம்பு, மஞ்சள், துளசி, பிரண்டை, தும்பை, எள்ளெண்ணெய் போதாதா? இதை வைத்தே பத்து வருசம் கேம்பைன், அதாவது ஒரே தொடர்கதை, ஓட்டலாம். டிராகன் பறக்கிற உலகத்தில் செடிக்கு விசா கேட்கிறாயா என்று ஜிஎம் கேட்டார். ஆமாம், கேட்பேன்.

*

மேலே எழுதிய அண்ணாவின் பட்டியலில் குப்பைமேனி விட்டுப்போச்சு. விடக்கூடாத செடி. கால் புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் எல்லாம் அரைத்து எண்ணெயில் காய்ச்சிப் போடுவது எங்கள் அப்பத்தா ஊரில் வழக்கம். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு இருக்கிற இன்னொரு பேர்: பூனைவணங்கி.

எங்கள் வீட்டில்தான் ஆட்டம். நான் காட்டு வைத்தியன். குகைக்குள் ஒரு காயம்பட்ட சிறுத்தை, யாரையும் அண்டவிடாது. அடக்குவதற்கு டைஸ் போட்டேன், 3 விழுந்தது. அதன் நகம் என் தோளைக் கிழித்தது. "வேற ஏதாவது யோசி"ன்னு ஜிஎம் சொன்னார். எனக்குத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் முளைத்திருந்த குப்பைமேனி ஞாபகம் வந்தது. போய் வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, மேஜை மேல் வைத்தேன், சும்மா காட்டுவதற்கு.

பீரோ மேல் தூங்கிக்கொண்டிருந்த எங்கள் பூனை எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை. வேரை முகர்ந்தது, கடித்தது, கன்னத்தைத் தேய்த்தது, அப்புறம் வரைபடத்தின் மேல் மல்லாந்து படுத்து நாலு காலையும் தூக்கிப் புரள ஆரம்பித்தது. மினியேச்சர் எல்லாம் தரையில். வடக்கு மலைத்தொடர் முழுக்க எச்சில். ஜிஎம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சிறுத்தை அடங்கிருச்சு, நீ வைத்தியம் பாத்துக்கோ"ன்னுட்டார். டைஸே போடவில்லை. இன்றுவரை என் கேரக்டர் இடுப்பில் ஒரு கட்டு காய்ந்த வேர் தொங்குகிறது. புலி, சிங்கத்துக்கும் செல்லுமா என்று மட்டும் ஜிஎம் சொல்ல மறுக்கிறார்.

*

நான் டொரொண்டோவில இருந்து எழுதுறன். நாங்கள் விளையாடுறது பழைய இங்கிலாந்துக் கிராமம் மாதிரி ஒரு உலகம். எங்கட குழுவில ட்ரூயிட், அதாவது காட்டுப் பூசாரி, ஆடுற தம்பிக்கு ஒரு மந்திரம் இருக்கு: பத்துப் பழம் உண்டாக்கலாம், ஒரு பழம் திண்டால் 1 ஹெச்பி, ஒரு நாள் சாப்பாட்டுக்கும் காணும். 2014ஆம் ஆண்டு ரூல்ஸ்படி அதுக்கு மிசில்டோ கொப்பு ஒண்டு கையில வேணும். மிசில்டோ எண்டால் என்ன எண்டு அம்மா கேட்டவ. படத்தைக் காட்டினன். "இது குருவிச்சையெல்லே! மாமரத்தில வந்தால் வெட்டி எறியிறது. இதை வச்சோ மந்திரம் செய்யிறியள்?" எண்டா. உங்கட ஊரில இதைப் புல்லுருவி எண்டு சொல்லி ஆக்களைத் திட்டுவியள் எண்டும் கேள்விப்பட்டன்.

டாக்டரம்மா சொன்ன மாதிரி எங்களுக்கும் ஒண்டு நடந்தது. குதிரை 75 பொற்காசு குடுத்து வாங்கினது. இரவு தேவாலயத்துக்குப் பின்னால, கல்லறைப் பக்கம் ஒரு பெரிய மரத்தில கட்டினம். அது யூ மரம். யூ இலை குதிரைக்கு நஞ்சு, இதயத்தை நிப்பாட்டிப் போடும். விடியப் போய்ப் பார்த்தால் வாயில இலையோட விழுந்து கிடக்குது. வைத்தியம் செய்யவே நேரமில்லை. ஒரு டைஸும் உருளாமல் குதிரை போட்டுது.

*

நீலகிரிப் பக்கத்திலிருந்து. எங்கள் கேம்பைன் ஒன்றரை வருடமாக ஓடுகிறது. இதில் மூலிகைதான் வில்லன்.

ஆரம்பத்தில் எங்கள் வைத்தியர் ஒரு வேரைக் கண்டுபிடித்தார். நொண்டுகிற எருது, மூட்டு வீங்கிய மாடு எதற்குக் கொடுத்தாலும் ஒரு மணி நேரத்தில் எழுந்து நடக்கும். பேர் நீலவேர். கதை நடத்துகிறவர் உருவாக்கியது, தேடாதீர்கள். ஊர் ஊராக விற்றோம். பணம், மரியாதை, எங்கள் பேரில் ஒரு சத்திரம்கூட வந்தது. பத்துப் பன்னிரண்டு செஷன் கழித்து ஜிஎம் சின்னச் சின்னதாகச் சொல்ல ஆரம்பித்தார். ஊருக்கு வெளியே செத்த மாடு ஒரு வாரமாக அப்படியே கிடக்கிறது. தெருநாய்க் கூட்டம் பெருகியிருக்கிறது. ஒரு கிராமத்தில் வெறிநாய்க்கடி. நாங்கள் ஏதோ சூனியக்காரன் வேலை என்று ஒரு கோட்டையையே கொளுத்திவிட்டு வந்தோம். பாவம், அந்த ஆள் சும்மா தோட்டம் வைத்திருந்தவர்.

பிறகு மலை உச்சியில் பாறு அரசனைப் பார்க்கப் போனோம். பேசுகிற பெரிய கழுகு, முதல் செஷனில் எங்களைக் காப்பாற்றியது. கூட்டில் செத்துக் கிடந்தது. வைத்தியர் அறுத்துப் பார்க்கிறேன் என்றார். ஜிஎம் நிதானமாகச் சொன்னார்: "சிறுநீரகம் வீங்கியிருக்கு. ஈரல் மேல, குடல் மேல எல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கு."

எனக்கு முதுகு சில்லிட்டது, ஏனென்றால் இந்தக் கதை எங்கள் ஊரில் நிஜமாக நடந்தது. மாட்டு வலிக்குப் போடுகிற டைக்ளோஃபெனாக் ஊசி. மருந்து உடம்பில் இருக்கும்போது செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்பெல்லாம் யூரிக் அமிலம் படிந்து செத்தன. காரணம் 2004ல்தான் வெளியே வந்தது. 2006ல் இந்தியா கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. அதற்குள் நாட்டில் பாறு இனமே ஏறக்குறைய காலி. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சம் இருப்பவற்றை நான் பைனாகுலரில் பார்த்திருக்கிறேன். மாட்டுக்கு அது நல்ல மருந்துதான் என்பதுதான் கொடுமை.

வைத்தியர் ஆடுகிற நண்பருக்கு இது எதுவும் தெரியாது. தன் கேரக்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "செத்த மாடெல்லாம்... நாம வேர் குடுத்த மாடா?" என்றார்.

இப்போது நாங்கள் மாற்று வேர் தேடி அலைகிறோம். நிஜத்தில் மெலாக்சிகாம் கிடைத்தது, கழுகுக்குக் கெடுதல் இல்லை. ஆட்டத்திலும் ஒன்று கிடைத்திருக்கிறது, ஆனால் விலை இரண்டு மடங்கு. நீலவேரை விடச் சொல்லி ஊர் ஊராகக் கெஞ்சுகிறோம். "நீங்கதானே சாமி குடுத்தீங்க, நல்லாத்தானே கேக்குது" என்கிறார்கள். போன வாரம் எங்கள் சத்திரத்தின் மேலேயே கல் விழுந்தது.

*

கேள்வி கேட்ட கோயம்புத்தூர்க்காரன் மறுபடியும். ஓநாயையும் பாறு அரசனையும் இப்போதே திருடிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நேற்று எங்கள் செஷனில் ஒரு கன்றுக்குட்டிக்குக் கால் முறிவு. பிரண்டையை அரைத்துப் பற்றுப் போட்டு மூங்கில் சிம்பு வைத்துக் கட்ட வேண்டும். வைத்தியச்சி தன் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒரு முழம் பிரண்டை கொண்டுவந்திருந்தாள். மந்திரவாதிப் பையன், "நான் நார் உரிக்கறேன்கா" என்று ஆசையாக வாங்கினான். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்ல அவள் மறந்துவிட்டாள். மறந்தாளா, மறந்த மாதிரி இருந்தாளா என்று எனக்கு இன்னும் சந்தேகம். இரண்டு நிமிடத்தில் பையன் கையைத் தேய்த்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினான். அம்மா புளியைக் கரைத்துப் பூசிவிட்டார்கள். ஊர்க்காவல் சண்டையில் மீதி டைஸையெல்லாம் இடது கையால்தான் உருட்டினான். நாலு தடவை உருட்டினான், மூன்று தடவை 1.