‘புரோபயாட்டிக்’: வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

காட்பாடியிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். ஞாயிறன்று இங்கே முதியோர் நலக் கூட்டம். குடல் நுண்ணுயிரிகளையும் முதுமையில் மங்கும் நினைவையும் பற்றி நான்கு பக்கத் துண்டறிக்கை வியாழன் மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். அதில் ‘புரோபயாட்டிக்’, அதாவது உட்கொண்டால் நன்மை தரும் நுண்ணுயிரி, பதினோரு இடத்தில் வருகிறது. தமிழில் ஒரு சொல் வேண்டும். ‘நல்லுயிரி’ போதுமா?

ஆரணியிலிருந்து:
பசுமாடும் நல்லுயிரிதான் அம்மா. ஆன்டிபயாட்டிக் ‘எதிருயிரி’ என்றால், இது ‘சார்புயிரி’. இணை கெடாது.

குடியாத்தத்திலிருந்து:
அடுக்களையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு எங்கே அலைகிறீர்கள்? உறை! புறநானூறு 276: ஆய்மகள் நகத்தால் தெறித்த ‘குடப்பால் சில்லுறை’. இரண்டு துளி, குடம் முழுவதும் மாறிவிடுகிறது. உறைதலுக்குத் தங்குதல் என்றும் பொருள்; குடலில் தங்குவதால் ‘உறையுயிரி’. பாட்டில் நரைத்த கூந்தல் மூதாட்டியும் வருகிறாள், வேறென்ன வேண்டும்?

ஆரணியிலிருந்து:
அடுத்த அடியை ஏன் விழுங்கிவிட்டீர்கள் ஐயா? ‘படைக்கு நோயெல்லாம் தான் ஆயினனே.’ மூதாட்டியின் மகன் ஒருவனே பகைப்படை முழுவதற்கும் நோயானான் என்கிறது. நலம் தருவதற்கு நோய் உவமையா? தலையணை உறை, கடித உறை... மூன்றாவதை முதியோர் கூட்டத்தில் நான் சொல்ல மாட்டேன்.

வேலூரிலிருந்து (நுண்ணுயிரியல் கற்பிக்கிறேன்):
போதிய அளவில் உட்கொண்டால் நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகள் என்பதே உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு 2001இல் தந்த வரையறை. நன்மை மெய்ப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். எல்லாத் தயிரும் இதில் சேராது. ‘உறை’ என்றால் மோர் குடித்தால் மறதி போகும் என்று நம்பிவிடுவார்கள். மூளையைப் பற்றிய சான்றுகளில் பெரும்பகுதி எலிகளிடம் கிடைத்தவை. புளித்த பால் ஆயுளை நீட்டும் என்ற ரஷ்ய அறிவியலாளர் மெச்னிக்கோவே 71 வயதில் காலமானார். மேலும், உட்கொள்பவை பெரும்பாலும் குடலில் தங்குவதில்லை. நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ வெளியேறிவிடும்.

குடியாத்தத்திலிருந்து:
அப்படியானால் ‘வழிப்போக்குயிரி’ என்று வையுங்கள்! குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்புக்கும் இலத்தீனில் அலைவது என்றுதான் பொருள். அதை ‘அலைநரம்பு’ என்றால்...

காட்பாடியிலிருந்து:
ஐயா, நரம்பு அடுத்த மாதம். 78 வயது மாமியாரிடம் மூன்றையும் படித்துக் காட்டினேன். சார்புயிரிக்கு, “யாரைச் சார்ந்து?” என்றார். உறையுயிரிக்கு, “பால் காய்ச்சிவிட்டாயா?” என்று அடுப்பைப் பார்த்தார். நல்லுயிரிக்குத் தலையசைத்தார். முதலிடத்தில் ‘புரோபயாட்டிக் எனும் நல்லுயிரி’, மற்ற பத்திலும் நல்லுயிரி. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஆரணியிலிருந்து:
சரி. பசுமாட்டை மறக்கவில்லை.

குடியாத்தத்திலிருந்து:
எனக்கு ஐம்பது பிரதி அனுப்புங்கள். பதினோரு இடம் வீதம் ஐந்நூற்று ஐம்பது திருத்தம். சிவப்பு மைப் பேனா வாங்கி வைத்துவிட்டேன்.