மனைவி பிலிப்பைன்ஸ், ஊர் கோபி: டூரிஸ்ட் விசாவிலிருந்து எப்படி மாறுவது?

வாய்க்கால்கரை:
வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் நமக்கு. ஒன்பது வருசம் துபாயில் இருந்தேன், மனைவியும் அங்கேதான் வேலை பார்த்தார், சொந்த நாடு பிலிப்பைன்ஸ். 2023இல் ஊரில் கல்யாணம். கொங்கு முறைப்படி சடங்கு நடத்திவைக்கும் பெரியவரான அருமைக்காரரை வைத்து, மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீர் முதல் எதையும் விடாமல் செய்தோம், பதிவு மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இப்போது அப்பாவுக்கு முடியவில்லை, தோட்டம் பார்க்க ஆள் இல்லை, நான் வந்துவிட்டேன். மனைவி டூரிஸ்ட் விசாவில் வருவதும் போவதுமாக இருக்கிறார். "மருமகளை இன்னும் எத்தனை தடவைடா ஏர்போர்ட்ல கொண்டுபோய் விடுவே" என்று அம்மா கேட்கிறது. ஒரு ஏஜென்ட், கல்யாணமாகி இரண்டு வருசம் தாண்டிவிட்டது, நேராக ஓசிஐ (வெளிநாட்டவர் இங்கே நீண்ட நாள் தங்க உதவும் "இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்" அட்டை) போட்டுவிடலாம் என்று முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

நொய்யல்:
கொடுக்காதீங்க. இரண்டு வருசம் என்பது சரிதான், ஆனால் அது பதிவு செய்த கல்யாணத்துக்கு. தாலி கட்டிய தேதியை வைத்து எண்ணி, விண்ணப்பம் திரும்பி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். பதிவு ஆகி இரண்டு வருசம் கல்யாணம் நிலைத்திருந்தால்தான் ஓசிஐக்கு விண்ணப்பிக்கவே முடியும், அதனால் உங்களுக்கு இன்னும் கணக்கே ஆரம்பிக்கவில்லை. மனைவி கிறிஸ்தவர் என்றால் இந்து திருமணச் சட்டத்தில் பதிவு ஆகாது, இரண்டு பேரும் இந்துவாக இருக்க வேண்டும். 1954ஆம் வருசத்துச் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. ஏற்கெனவே நடந்த கல்யாணத்தையும் அதன் 15ஆவது பிரிவில் பதிவு செய்யலாம். இரண்டு பேரும் அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் தங்கியிருக்க வேண்டும், அதற்கு மேல் ஆட்சேபணைக்கு 30 நாள் அறிவிப்பு. ஆக அவர் அடுத்த தடவை வரும்போது பத்து நாள், இருபது நாள் என்று டிக்கெட் போட்டால் ஒன்றும் நடக்காது. அவருக்கு வேறு கல்யாணம் ஆகவில்லை என்று அவர்கள் நாட்டுச் சான்றிதழ் கேட்பார்கள், அப்போஸ்டில் (வெளிநாட்டிலும் செல்லும் என்று அவர்கள் அரசு தரும் சான்று) செய்தே கொண்டுவரச் சொல்லுங்க. பிலிப்பைன்ஸில் 2019லிருந்து அந்த வசதி இருக்கிறது.

பொள்ளாச்சி அம்மிணி:
எங்கள் வீட்டில் தலைகீழ், நான் பொள்ளாச்சி, வீட்டுக்காரர் ஜெர்மனி. விதி ஒன்றுதான். பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் மணிலாவில் நம் தூதரகத்தில் எக்ஸ் விசா போடச் சொல்லுங்க, இந்தியரின் கணவன் மனைவிக்கு உள்ளது, ஐந்து வருசம் வரைக்கும் தருகிறார்கள். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்து இறங்கிய 14 நாளுக்குள் இ-எஃப்ஆர்ஆர்ஓ என்கிற வெளிநாட்டவர் பதிவு இணையதளத்தில் பதிய வேண்டும். இதை மறந்துவிட்டு அபராதம் கட்டாதீங்க.

எங்களுக்கு உயிரை வாங்கியது விசா இல்லை, என் இனிஷியல். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, ஆதாரில் அப்பா பேர் முழுசாகப் பின்னால், கல்யாணச் சான்றிதழில் வெறும் "கே." முன்னால். மூன்றும் ஒரே ஆள் என்று நம்பவைக்க நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி அலைந்தேன். பதிவுக்கு முன்னாலேயே உங்கள் பாஸ்போர்ட்டில் பேர் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அதேபோல் விண்ணப்பத்தில் எழுதுங்க. எங்கள் வீட்டுக்காரரைப் பற்றிப் போலீஸ் விசாரணைக்கு வந்தவர் தென்னந்தோப்பில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டே பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் "இவர் இங்கதான் இருக்கிறாரா" என்று கேட்டார். அவர் "எங்க தென்னைக்குத் தண்ணி விடறதே அவருதாங்க" என்றார். அத்தோடு முடிந்தது.

வாய்க்கால்கரை:
ரொம்ப நன்றிங்க. அப்புறம் இன்னொன்று, ஓசிஐ வந்தபிறகு பக்கத்தில் விலைக்கு வருகிற ரெண்டு ஏக்கரை அவர் பேரில் வாங்கலாமா?

நொய்யல்:
வீடு, சைட் வாங்கலாம். விவசாய நிலமும் பண்ணை வீடும் ஓசிஐ வைத்திருப்பவர் விலைக்கு வாங்க முடியாது, தானமாகவும் வாங்கிக்கொள்ள முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அதனால் ரெண்டு ஏக்கரை உங்கள் பேரிலேயே எழுதுங்க. ஓட்டும் கிடையாது, பேர்தான் குடிமகன் அட்டை. இந்தியாவிலேயே விண்ணப்பித்தால் கட்டணம் 15,000 ரூபாய், அதைக் கேட்டு ஏஜென்டிடம் மிரளாதீங்க, தளத்தில் நாமே போடலாம்.

பொள்ளாச்சி அம்மிணி:
சார்பதிவாளர் ஆபீஸுக்கு மூன்று சாட்சி வேண்டும். அருமைக்காரரையே ஒருத்தராகக் கூட்டிப்போங்க, அந்த இணைச்சீர் போட்டோவையும் எடுத்துக்கொள்ளுங்க, உங்கள் அக்கா முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒன்று.