படித்தால் முழு மார்க், கேட்டால் முழிக்கிறாள். இவளுடைய ஆங்கிலத்தை எப்படி அளப்பது?

பீங்கான்_ஊர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது சீனாவில் குவாங்தோங் மாகாணம், ஃபோஷான். டைல்ஸ் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கும். வீட்டுக்காரருக்கு இங்கே வேலை. நான் ஊரில் பி.எட். முடித்து ஆறு வருஷம் ஆங்கிலம் நடத்திவிட்டு வந்தவள், இப்போது வீட்டில்தான் இருக்கிறேன்.

எதிர் ஃபிளாட்டில் ஒரு பெண், 'காவ் அர்' படிக்கிறாள், நம்ம கணக்கில் பதினோராம் வகுப்பு. அடுத்த வருஷம் காவ்காவ், அதாவது கல்லூரி நுழைவுத் தேர்வு. பள்ளி மாதத் தேர்வில் வாசிப்புப் பகுதியில் 50க்கு 45 வாங்குகிறாளாம். ஆனால் போன மாதம் மாலில் ஒரு வெளிநாட்டுக்காரர் லிஃப்ட் எங்கே என்று கேட்டதற்கு அப்படியே நின்றுவிட்டாளாம். அவள் அம்மா என்னிடம் வந்து, "மார்க்கெல்லாம் வேண்டாம், இவளுக்கு உண்மையிலேயே எவ்வளவு ஆங்கிலம் தெரியும், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறார்.

நானும் சும்மா பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். 2023 தேசிய வினாத்தாளில் கடைசி பத்தி, கூட்டமாகச் சேர்ந்து யூகித்தால் சராசரி ஏன் சரியாக வருகிறது என்பது பற்றி, கொஞ்சம் கஷ்டமானதுதான். அதைப் படித்துவிட்டு உடைந்த ஆங்கிலத்திலேயே அழகாக விளக்கினாள். சரி என்று சாதாரணமாக 'வாட்டயூ கோனா டூ திஸ் வீக்கெண்ட்' என்று கேட்டேன். முழித்தாள். அதையே ஒரு தாளில் முழுசாக, சொல் சொல்லாக எழுதிக் காட்டினேன். "ஓ!" என்று சிரித்து உடனே பதில் சொல்லிவிட்டாள்.

இவளை எப்படி டெஸ்ட் செய்வது? இங்கே தேர்வில் இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். (காசு வாங்கவில்லை, எங்கள் விசாவில் வேலை செய்யக் கூடாது. ஆரஞ்சுப் பழம்தான் வருகிறது, பை பையாக.)

வினாத்தாள்வாசி பதில்:

அக்கா, நான் சிங்கப்பூரில் வினாத்தாள் எழுதிப் பிழைப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. கண்ணுக்குப் பழகிய சொல் காதுக்குப் பழகவில்லை, அவ்வளவுதான். எழுதிக் காட்டியதும் பதில் வந்தது என்கிறீர்களே, அதிலேயே பாதி டெஸ்ட் முடிந்துவிட்டது. புத்தகத்தில் 'வந்துகொண்டிருக்கிறான்' என்று தமிழ் கற்ற ஒரு வெளிநாட்டுக்காரரிடம் 'வந்துட்ருக்கான்' என்று சொல்லிப் பாருங்கள், இதே முழிதான்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு மார்க் எங்கே கொட்டிக் கிடக்கிறது என்று பார்த்தால் போதும். காவ்காவில் மொத்தம் 750, அதில் ஆங்கிலம் 150. தேசியத் தாளில் கேட்டலுக்கு 30, வாசிப்புக்கு 50. கேட்டலில் 20 கேள்வி, ஒவ்வொன்றும் ஒன்றரை மார்க். முதல் ஐந்து குட்டி உரையாடல்கள் ஒரே ஒரு தடவைதான் ஓடும், மற்றவை இரண்டு தடவை. எல்லாமே மூன்று விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சூஸ் கேள்வி. தாளின் தொடக்கத்தில் ஒரு மாதிரிக் கேள்வி இருக்கும், சட்டை விலை என்ன என்று. 19.15 பவுண்டா, 9.18ஆ, 9.15ஆ? விடை 9.15. வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு 'சட்டை விலை ஒன்பது பவுண்டு பதினைந்து பென்ஸ்' என்பது அங்கே ஒரு தலைமுறைக்கே ஜோக் ஆகிவிட்டது. உங்கள் பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள், கண்டிப்பாகச் சிரிப்பாள்.

ஆனால் உங்கள் மாகாணக் கதையே வேறு. குவாங்தோங்கில் ஜூன் மாதத் தாளில் கேட்டல் பகுதி கிடையாது. அதற்குச் சில மாதம் முன்பே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தனியாக 'கேட்டல்-பேசுதல்' தேர்வு, 20 மார்க். முதலில் ஒரு வீடியோவில் வரும் குரலைப் பின்பற்றி வாசிக்க வேண்டும். அடுத்து ஒரு காட்சியைப் பார்த்து மூன்று கேள்வி கேட்டு, ஐந்து கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு கதையைக் கேட்டுவிட்டு மைக்கில் திருப்பிச் சொல்ல வேண்டும். அறை முழுக்கப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசுவார்கள், பக்கத்து சீட்டுக்காரன் கதை நம் காதில் விழும், அது தனிக் கொடுமை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. ஏதாவது ஒரு பழைய தேசியத் தாளின் கேட்டல் பகுதியை, அவள் இதுவரை செய்யாததாக, எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஆடியோவே போடாமல் கேள்விகளை மட்டும் கொடுத்து விடை குறிக்கச் சொல்லுங்கள். விளையாட்டில்லை, நிஜமாகத்தான். மூன்றில் ஒன்று என்பதால் கண்ணை மூடிக் குறித்தாலும் 20க்கு ஆறோ ஏழோ வரும். அதற்கு மேல் வருவது கேள்வியின் வாடையை வைத்து யூகிக்கும் சாமர்த்தியம். மறுநாள் ஆடியோவுடன் அதே தாள், எல்லாவற்றையும் ஒரே தடவை மட்டும் ஓட்டுங்கள். அப்புறம் ஒரு வாரம் விட்டு, ஆடியோவில் பேசியதை அப்படியே எழுத்தில் கொடுத்து அதே கேள்விகள். மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கோளாறு காதிலா, சொல்வளத்திலா, யூகத்திலா என்று பளிச்சென்று தெரியும்.

சும்மா_ஒருத்தன் பதில்:

கேட்டல் தேர்வு நடக்கும்போது சீனாவில் ஃபிளைட்டையே நிறுத்திவிடுவார்களாமே, அவ்வளவு சீரியஸா எடுத்துக்கொள்கிறவர்கள் பிள்ளைகளுக்குக் கேட்கச் சொல்லித்தராமலா இருப்பார்கள்?

வடக்குக்_காற்று பதில்:

சகோ, ஃபிளைட்டை நிறுத்துவது தென்கொரியா, நவம்பரில் நடக்கும் அவர்கள் நுழைவுத் தேர்வுக்கு. எல்லோரும் போட்டுக் குழப்புகிற விஷயம் இது. சீனாவில் தேர்வு மையம் பக்கம் ஹாரன் அடிக்கக் கூடாது, கட்டட வேலை நிற்கும். இன்னொன்று, மற்ற பாடங்களுக்குக் கொஞ்சம் லேட்டாகப் போனாலும் விடுவார்கள், ஆங்கிலத்துக்கு மட்டும் மதியம் 3 மணித் தேர்வுக்கு 2.45க்கே கதவு அடைப்பு, கேட்டல் பகுதி முதலில் வருவதால். டிராஃபிக்கில் மாட்டினால் போச்சு.

பீங்கான்_ஊர் அக்காவுக்கு: நான் பெய்ஜிங்கில் இருக்கிறேன். இங்கே இந்த விஷயத்தில் கொஞ்சம் நல்ல ஏற்பாடு. 150இல் 50 மார்க் கேட்டல்-பேசுதலுக்கு, கம்ப்யூட்டரில், டிசம்பரிலும் மார்ச்சிலும் இரண்டு வாய்ப்பு, எது அதிகமோ அது கணக்கு. மீதி 100 மார்க் எழுத்துத் தேர்வு ஜூனில். என் ஆபீஸ் நண்பர் பையன் டிசம்பரிலேயே நல்ல மார்க் எடுத்துவிட்டு நிம்மதியாக மற்ற பாடத்துக்குப் போய்விட்டான். ஆக ஒரே நாடு, ஒரே பாடம், ஆனால் காதுக்குக் கொடுக்கும் விலை ஊருக்கு ஊர் வேறு. பள்ளிக்கூடமும் அந்த விலைக்கு ஏற்றபடிதான் நேரம் ஒதுக்கும். ஃபோஷான் டீச்சரைக் குறை சொல்லி என்ன பயன்.

மார்க் வேண்டாம் என்று அந்த அம்மா சொன்னது சரியான பேச்சு. 2018 நவம்பரில் செஜியாங் மாகாணத்தில் ஆங்கிலத் தாள் கஷ்டமாகிவிட்டது என்று, மதிப்பெண் போடும்போது சில கேள்விகளுக்கு எடை ஏற்றிப் போட்டார்கள். யாருக்கு எவ்வளவு ஏறியது என்று பிள்ளைகளுக்கே புரியவில்லை, பெற்றோர் கொதித்துவிட்டார்கள், கடைசியில் டிசம்பரில் மாகாண அரசே எடையை ரத்து செய்து பழைய மார்க்கையே கொடுத்தது. அந்த இரண்டு வாரத்தில் ஒரு பிள்ளையின் ஆங்கிலமும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பழைய_சாக்பீஸ் பதில்:

எல்லோரும் காதையே பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். நான் வாசிப்பு 45ஐயும் அப்படியே நம்ப மாட்டேன்.

அந்த 50 மார்க் எப்படி வருகிறது என்று பாருங்கள். நான்கு பத்தி, 15 சூஸ் கேள்வி, தலா இரண்டரை. அப்புறம் 'ஏழில் ஐந்து' என்று ஒன்று, ஒரு கட்டுரையில் ஐந்து வாக்கியத்தை உருவிவிட்டு, கீழே ஏழு வாக்கியம் கொடுத்து எது எங்கே என்று கேட்பது, 12.5 மார்க். முதல் வகைக்குப் பிள்ளைகளுக்கு வித்தை சொல்லித்தருகிறார்கள்: முதலில் கேள்வியைப் படி, அதில் ஒரு பெயரோ எண்ணோ இருந்தால் பத்தியில் தேடு, அந்த வரியை மட்டும் படி, பொருந்தும் விடையைக் குறி. இது வாசிப்பில்லை, பஸ் ஸ்டாண்டில் நம்பரைப் பார்த்துப் பஸ் பிடிப்பது. ஏழில் ஐந்தில் இந்த வித்தை செல்லாது, முன் வாக்கியமும் பின் வாக்கியமும் எப்படிக் கோர்க்கிறது என்று தெரிந்தால்தான் ஆகும். அதனால் 45இல் விட்ட ஐந்து மார்க் எங்கே போனது என்று முதலில் கேளுங்கள். தலா இரண்டரை என்றால் இரண்டு கேள்வி, அந்த இரண்டும் ஏழில் ஐந்திலேயே போயிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

அப்புறம், கேள்வியையும் விடைகளையும் மடித்து மறைத்துவிட்டுப் பத்தியை மட்டும் கொடுங்கள். பத்தி சுமார் 300 சொல்தான் இருக்கும். நேரம் பாருங்கள். தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, என்ன படித்தாய் என்று அவளுடைய மொழியிலேயே சொல்லச் சொல்லுங்கள், அம்மா பக்கத்தில் இருக்கட்டும். தேர்வுக்கு எழுதாத ஆங்கிலத்தையும் கொடுங்கள், ஹோட்டல் நோட்டீஸ், யாரோ கோபமாக எழுதிய ஈமெயில், இந்த மாதிரி.

வினாத்தாள்வாசி சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். கதையைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதை ஆங்கிலத்தில் செய்யச் சொன்னால், தடுமாறுவது கேட்காததாலா பேச வராததாலா என்று பிரிக்க முடியாது. அதையும் சீனத்திலேயே சொல்லவிடுங்கள்.

பீங்கான்_ஊர் (மூன்று வாரம் கழித்து):

செய்துவிட்டேன்! தாமதத்துக்கு மன்னிக்கவும், நடுவில் அவளுக்கு மாதத் தேர்வு.

சட்டை விலை ஜோக்குக்குச் சிரித்தாள், எனக்கே பாடிக் காட்டினாள்.

ஆடியோ இல்லாமல் 20க்கு 9. ஒரு தடவை ஓட்டியபோது 13. எழுத்தில் கொடுத்தபோது 19. அந்த 9ஐப் பார்த்து அவள் அம்மா அதிர்ந்துவிட்டார், கேட்காமலே இவ்வளவு மார்க்கா என்று. எனக்கு அதைவிட 13க்கும் 19க்கும் நடுவில் இருக்கும் பள்ளம்தான் கண்ணில் பட்டது.

தப்பான இடங்களை எடுத்து, ஒவ்வொரு வாக்கியமாக ஓட்டி, கேட்டதை எழுதச் சொன்னேன். எண்கள், விலை, நேரம் எல்லாம் பக்கா, தேர்த்தீனா தேர்ட்டியா என்பதில் தடுமாற்றமே இல்லை, அந்த அளவுக்கு உருப்போட்டிருக்கிறாள். விழுந்தது எல்லாம் நடுவில் இருக்கும் பொடிச் சொற்கள். 'இன் அன் அவர்' என்பதை 'இனனவர்' என்று ஒட்டிச் சொன்னால் அது ஏதோ ஒரு புதுச் சொல் என்று நினைத்து வெற்றிடம் விட்டிருந்தாள். இன்னொரு இடத்தில் 'ஹி ஷுட் ஹாவ் கால்ட்'. அவன் போன் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை என்ற அர்த்தம். அவள் எழுதியது 'ஹி ஷுட் கால்', அவன் போன் செய்யட்டும் என்று. ஒரு 'ஹாவ்' காதில் விழாததால் முடிந்துபோன விஷயம் இனிமேல் நடக்கப்போவதாக மாறிவிட்டது, அந்தக் கேள்வியும் போச்சு.

வாசிப்பில் சாக்பீஸ் ஐயாவுக்குத் தோல்வி என்று சொல்லிக்கொள்கிறேன், விட்ட இரண்டும் ஏழில் ஐந்தில் இல்லை. பத்தியை மறைத்துக் கேட்டபோதும் விஷயத்தைச் சரியாகவே சொன்னாள் என்று அம்மா சொன்னார். கோபமான ஈமெயிலில் மட்டும் மாட்டினாள். 'உங்கள் வேகமான சேவைக்கு நன்றி, மூன்று வாரம்தான் ஆனது' என்ற வரியை நிஜமான நன்றி என்றே எடுத்துக்கொண்டாள்.

அம்மாவிடம் எண்ணாகச் சொல்லாமல் இப்படிச் சொல்லலாம் என்று இருக்கிறேன்: எழுத்தில் எதைக் கொடுத்தாலும் பிடித்துவிடுகிறாள், குத்தல் பேச்சு மட்டும் பிடிபடவில்லை, இயல்பான வேகத்தில் பேசினால் பாதியில் விட்டுவிடுகிறாள். சரியா? இனி ஆடியோவை 0.75 வேகத்தில் போட்டுப் பழக்கலாமா?

வினாத்தாள்வாசி பதில்:

அப்படியே சொல்லுங்கள். 2018இல் சீனாவே 'இதைச் செய்ய முடியும், அதைச் செய்ய முடியும்' என்று வாக்கியமாக எழுதி ஒன்பது படியில் ஓர் ஆங்கில அளவுகோல் வெளியிட்டது, உயர்நிலைப் பள்ளி முடிப்பவர் ஏறக்குறைய நான்காவது படி. வாசிப்புக்கு ஒரு படி, கேட்டலுக்கு ஒரு படி என்று தனித்தனியாகச் சொல்லலாம், அம்மாவுக்கும் அது புரியும்.

வேகத்தைக் குறைக்காதீர்கள். குறைத்தால் 'இனனவர்' என்பது 'இஇனனனவர்' என்று இழுபடுமே தவிர மூன்று சொல்லாகப் பிரியாது. அதே வேகத்தில் அரை வாக்கியம், பத்து தடவை, அப்புறம் எழுத்தைக் காட்டி, அப்புறம் எழுத்தை மறைத்து இன்னும் மூன்று தடவை. ஒரு நாளைக்கு நாலு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம், அவளுக்குக் கணக்குப் பாடமும் 150 மார்க் இருக்கிறது.

பழைய_சாக்பீஸ் பதில்:

தோல்வியை ஒத்துக்கொள்கிறேன். ஈமெயில் விஷயத்தில் மட்டும் பாதி ஜெயித்ததாக வைத்துக்கொள்ளலாமா?