வண்டிக்கு அஞ்சு ஸ்டார் இருக்குதுங்க, ஆறு மாசப் பாப்பாவுக்குத் தனியா சீட் வேணுமா?

பாப்பா அப்பா, கோவை:

வணக்கமுங்க. எங்க பாப்பாவுக்கு ஆறு மாசம் முடிஞ்சிருச்சு, எடை 7 கிலோ. அடுத்த மாசம் திருவில்லிபுத்தூர் பக்கம் குலதெய்வம் கோயில்ல காதுகுத்து வச்சிருக்கோம். கோவையில இருந்து நிறுத்தி நிறுத்திப் போனா ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. எங்க வண்டி 2019-ல வாங்குனது. மோதல் சோதனையில அஞ்சு ஸ்டார். அந்த ஸ்டாருக்காகவே கூடக் கொஞ்சம் கடன் போட்டு வாங்குனேன்.

வீட்டுல, பாப்பாவைப் பின் சீட்டுல மடியில வச்சுட்டு வரேன்கறாங்க. "நான் பெல்ட் போட்டுக்கறேன், புள்ளைய இறுக்கிப் பிடிச்சுக்கறேன், வேற என்ன வேணும்?"னு கேட்டா எனக்குப் பதில் சொல்லத் தெரியல. எங்கம்மா ஒருபடி மேல. "பச்சப் புள்ளையக் கட்டிப் போட்டுக் கூட்டிட்டுப் போறதுக்குக் காதுகுத்தே வேண்டாம்"னுட்டாங்க.

போன ஞாயித்துக்கிழமை ஒரு கடைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கிருந்த பையன், "பின்னாடி பார்த்து உட்கார வைக்கறதெல்லாம் ஆறு மாசம் வரைக்கும்தான் சார், இனி முன்னாடி பார்த்தே மாட்டிக்கலாம், குழந்தை வெளிய வேடிக்கை பார்க்கும்"னு சொன்னாரு. அது சரிங்களா? அஞ்சு ஸ்டார் வண்டியில குழந்தை சீட் நிஜமாவே வித்தியாசம் பண்ணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரயிலடி:

சகோ, நான் மூணு பிள்ளைகளை மடியில வச்சே வளர்த்தவன். அந்தச் சோதனைகளை ரொம்ப நம்பாதீங்க. அமெரிக்காவுல ஒரு பத்திரிகை குழந்தை சீட்டுகளைச் சோதிச்சு முக்கால்வாசி ஃபெயில்னு போட்டுட்டு, ரெண்டே வாரத்துல தப்பாப் போச்சுன்னு வாபஸ் வாங்கிச்சு. படிச்சதுல இருந்து எனக்கு நம்பிக்கையே போயிருச்சு. மெதுவா ஓட்டுங்க, ராத்திரிப் பயணம் வேண்டாம். அது போதும்.

டம்மிக்காரர்:

தம்பி, விபத்துச் சோதனைக் கூடம் ஒன்றில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். டம்மிகளை, அதாவது மோதலில் மனிதருக்குப் பதிலாக வைக்கும் பொம்மைகளை, சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் மாட்டி, சோதனை முடிந்ததும் கழற்றி எடுப்பதுதான் என் வேலை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துப் படியுங்கள்.

முதலில் அந்த அஞ்சு ஸ்டார். நீங்கள் வண்டி வாங்கிய சமயத்தில் பெரியவர்களுக்கு ஒரு ஸ்டார் கணக்கு, குழந்தைகளுக்கு வேறு ஸ்டார் கணக்கு. 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் என்ற கார் பாதுகாப்பு அமைப்பின் சோதனையில் டாடா நெக்ஸான் பெரியவர்களுக்கு 5 வாங்கியது, குழந்தைகளுக்கு 3. ஜனங்கள் மனதில் தங்கியது அந்த 5 மட்டும்தான். 2024-ல் புது நெக்ஸான் இரண்டிலும் 5 வாங்கிவிட்டது. உங்கள் வண்டி எதுவானாலும் குழந்தைக்கான மதிப்பெண்ணைத் தனியாகத் தேடிப் பாருங்கள். மொத்தம் 49. மோதலில் டம்மிக்கு என்ன ஆனது என்பதற்கு 24, சீட்டை வண்டியில் சரியாக மாட்ட முடிகிறதா என்பதற்கு 12, வண்டியில் அதற்கான வசதிகளுக்கு 13. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நம் நாட்டுச் சோதனைத் திட்டமான பாரத் என்கேப்பிலும் இதே 49தான்.

அந்த 24-ல் பெரும்பகுதி எப்படி வருகிறது? பின் சீட்டில் இரண்டு குழந்தை டம்மிகள் இருக்கும், ஒன்றரை வயது ஒன்று, மூன்று வயது ஒன்று. இரண்டையும் குழந்தை சீட்டில் வைத்து, வார் இறுக்கி, மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் வண்டியின் முன்பக்க அகலத்தில் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் படும்படி மோத விடுவார்கள். மடியில் வைத்து மோதிப் பார்த்து யாரும் ஸ்டார் கொடுப்பதில்லை. அதனால் மடியில் இருக்கும் உங்கள் பாப்பாவுக்கு இந்த வண்டி எத்தனை ஸ்டார் என்று கேட்டால் பதிலே கிடையாது. ஸ்டார் என்பது வண்டியும் சீட்டும் சேர்ந்து வாங்கியது.

இனி உங்கள் வீட்டில் கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி, எந்தத் தாயும் கேட்பாள். ஒரு கணக்குச் சொல்கிறேன், அவர்களிடமே காட்டுங்கள். 50 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி எதிலோ மோதி, 60 செ.மீ. தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். உள்ளே இருக்கும் எல்லாமே தன் எடையைப் போல சராசரியாகப் பதினாறு மடங்கு விசையோடு முன்னால் போகப் பார்க்கும். 7 கிலோ பாப்பாவைப் பிடித்து நிறுத்த 110 கிலோவுக்கு மேல் தாங்குகிற கை வேண்டும். இரண்டு அரிசி மூட்டையை யாரோ திடீரென்று கையிலிருந்து பிடுங்குகிற மாதிரி. அதுவும் கண் இமைக்கும் நேரத்துக்குள். அந்தக் கை பாசத்தில் குறைந்த கை இல்லை தம்பி, எலும்பும் சதையும் அவ்வளவுதான் தாங்கும்.

கடைக்காரப் பையன் சொன்னது தவறு. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் படமாகப் பார்த்தவன். நொடிக்கு ஆயிரம் படம் எடுக்கிற கேமராவில் ஓட்டிப் பார்ப்போம். முன்னோக்கிய சீட்டில் வார் மார்பைப் பிடித்துக்கொள்ளும், தலையைப் பிடிக்க ஒன்றும் இல்லை. தலை மட்டும் பறந்து போய், கழுத்து நீண்டு, தாடை மார்பில் இடிக்கும். பின்னோக்கிய சீட்டில் தலை, கழுத்து, முதுகு எல்லாம் ஒன்றாகச் சீட்டின் முதுகில் அழுந்தும். கழுத்து தனியாக இழுபடாது. முதன்முதலாக அந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்த அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது என் மகளுக்குப் பத்து மாசம்.

பச்சைக் குழந்தைக்குத் தலையே உடம்பு நீளத்தில் கால்வாசி. கழுத்தெலும்பு முழுசாக எலும்பாகியிருக்காது, பாதி குருத்தெலும்பு. ஸ்வீடனில் இதைப் பெர்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர் அறுபதுகளிலேயே பிடித்துவிட்டார். ராக்கெட் கிளம்பும்போது விண்வெளி வீரர்கள் முதுகால் விசையைத் தாங்குவதைப் பார்த்து வந்த யோசனை அது. 1964-ல் வோல்வோ காரில் முதல் மாதிரியைச் சோதித்தார்கள். இப்போதைய ஐரோப்பிய விதி, ஆர்129, 15 மாதம் வரை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும் என்கிறது. அதற்கு மேலும் சீட் அளவு இடம் கொடுக்கும் வரை அப்படியே வைத்திருப்பது நல்லது. வேடிக்கை அப்புறம் பார்க்கட்டும்.

சீட்டுகளுக்கும் தனியாகச் சோதனை உண்டு. தண்டவாளத்தில் ஓடும் பலகை மேல் வண்டி இருக்கையைப் பொருத்தி, 50 கி.மீ. வேக மோதலைப் போல உலுக்குவார்கள். பிறந்த குழந்தை அளவு டம்மி 3.4 கிலோதான். கையில் எடுத்தால் அசல் குழந்தை கனம். பழைய ஆர்44 விதியில் முன்மோதலும் பின்மோதலும்தான், பக்கவாட்டு மோதல் கிடையாது. ஆர்129-ல் பக்கவாட்டும் சேர்ந்தது. சீட்டின் ஆரஞ்சு நிற ஒட்டுச்சீட்டில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் விதியின் எண்ணும் இருக்கும். அதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ரயிலடி ஐயா சொன்ன சம்பவம் உண்மை. 2007 ஜனவரி, கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ். 12 கைக்குழந்தை சீட்டுகளில் 2 மட்டுமே தேறின என்று எழுதினார்கள். பக்கவாட்டுச் சோதனையை 38 மைல் வேகத்துக்குச் செய்ததாக நினைத்திருந்தார்கள். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கைச் சரிபார்த்தபோது அது 70 மைலுக்கும் மேலான மோதலுக்குச் சமம் என்று தெரிந்தது. நம் கணக்கில் 112 கி.மீ. உடனே அறிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். ஐயா, அங்கே பிசகியது வேகக் கணக்கு. ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்த்துத் தப்பைப் பிடிக்க முடிந்ததே, அதனால்தான் எனக்கு இந்தச் சோதனைகள் மேல் நம்பிக்கை.

யாழினி அம்மா:

டம்மிக்கார அண்ணா சொல்றது அத்தனையும் நிஜம். போன வருஷம் உளுந்தூர்பேட்டை தாண்டி முன்னாடி போன லாரி சடார்னு நின்னுச்சு. எங்க வீட்டுக்காரர் பிரேக் அடிச்சும் போய் இடிச்சிட்டோம். யாழினிக்கு அப்ப எட்டு மாசம், பின்னோக்கின சீட்ல தூங்கிட்டு இருந்தா. எனக்குப் பெல்ட் பட்ட இடம் தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் கருநீலமா கன்னிப்போச்சு. அவ உடம்புல ஒரு கீறல் கிடையாது. சீட் பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா விபத்துல பட்ட சீட்டைத் திரும்ப உபயோகிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க. வார் எல்லாத்தையும் வெட்டிட்டுத்தான் குப்பையில போட்டேன், வேற யாரும் எடுத்து மாட்டிடக் கூடாதுன்னு. அதனால பழைய சீட் யாராவது கொடுத்தா, அது விபத்துல பட்டதா இல்லையான்னு தெரியாம வாங்காதீங்க. அத்தைகிட்ட நான் வேணா ஃபோன்ல பேசறேன்.

பாப்பா அப்பா, கோவை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அந்த 110 கிலோ கணக்கை வீட்டுல காட்டுனேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல. அப்புறம் "சீட் வாங்கிடலாம்"னு அவங்களே சொல்லிட்டாங்க. ஆர்129 ஒட்டுன சீட் ஒண்ணு வாங்கி, பின் சீட்டுல இடது பக்கம், பின்னோக்கி மாட்டியிருக்கேன். எங்க வண்டியில ஐசோஃபிக்ஸ் கம்பி, அதான் குழந்தை சீட்டை நேரா மாட்டற கொக்கிக் கம்பி, இருக்குதுங்க, கிளிக்னு சத்தம் வந்து பச்சை தெரிஞ்சுது. படம் போட்டிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க.

டம்மிக்காரர்:

நல்லது தம்பி. படத்தில் இரண்டு விஷயம். தோள் வார் வெளியே வருகிற ஓட்டை பாப்பாவின் தோளுக்கு மேலே இருக்கிறது. பின்னோக்கிய சீட்டில் அது தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மோதும்போது குழந்தை சீட்டோடு மேலே வழுக்கும். ஒரு படி இறக்குங்கள். இன்னொன்று, பாப்பாவைத் துண்டில் சுற்றி, அதற்கு மேல் வார் மாட்டியிருக்கிறீர்கள். துண்டு அமுங்கினால் வார் தொளதொளத்துவிடும். முதலில் வார், அதன் மேல் துண்டு. இறுக்கியபின் தோள் பக்கம் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு பிடிபடக் கூடாது.

முன் சீட்டுக்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள். அங்கே ஏர்பேக் விரிந்தால் நேராகச் சீட்டின் முதுகில், அதாவது பாப்பாவின் தலைக்குப் பின்னால், அறையும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பாப்பாவை வெளியே எடுத்துக் கொஞ்சம் படுக்க விடுங்கள்.

பாப்பா அப்பா, கோவை:

ஒரு படி இறக்கிட்டேனுங்க. துண்டையும் எடுத்தாச்சு, இப்பக் கிள்ளுனா பிடிபடல. இன்னிக்குச் சாயங்காலம் அம்மாவைப் பக்கத்துல உட்கார வச்சுப் பேரூர் வரைக்கும் போய்ட்டு வந்தோம். செல்வபுரம் தாண்டறதுக்குள்ள பாப்பா தூங்கிருச்சு. அம்மா வழி முழுக்க அதோட கால் கட்டை விரலைப் பிடிச்சுட்டே வந்தாங்க.