முதல் கேவர்ன் கோர்ஸுக்கு ஆறு வாரம்தான் இருக்கு, ரீலைக் கையில எடுத்தாலே கால் கீழே போகுது. உதவி வேணும்

கயல்:
எல்லாருக்கும் வணக்கம். இதுவரை 54 டைவ் முடிச்சிருக்கேன், எல்லாமே கடல்ல, தலைக்கு மேல திறந்த தண்ணியில. அட்வான்ஸ்டு சான்றிதழ் இருக்கு. இன்னும் ஆறு வாரத்துல மூணு நாள் கேவர்ன் கோர்ஸ் (பகல் வெளிச்சம் தெரியுற குகை முகப்புல டைவ் பண்ணப் பழகுறது), குகை இருக்கிறது நன்னீர்ல. குகை வாய்க்குள்ள நின்னு திரும்பிப் பார்த்தா வெளிச்சம் நீலமாச் சரிஞ்சு விழுமே, அதை ஒரு தடவையாவது என் கண்ணால பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை.

பிரச்சினை இதுதான். நீந்தும்போது படுத்த வாக்குல நல்லாத்தான் போறேன். நீந்துறதை நிறுத்திட்டு கையால ஏதாவது செய்ய ஆரம்பிச்சா பத்து எண்ணறதுக்குள்ள கால் தாழுது. போன வாரம் நீச்சல் குளத்துல ஒரு ரீலை (வழிகாட்டிக் கயிறு சுத்தின உருளை) கடன் வாங்கி, ஏணிக் கம்பியில கயிறு கட்டிப் பார்த்தேன். என் டைவ் துணை வீடியோ எடுத்தார். கட்டி முடிக்கிற முப்பது செகண்டுல நான் கிட்டத்தட்ட நிமிர்ந்துட்டேன். ஃபின் நுனி தரையைத் தட்டுது, சரிக்கட்ட உதைக்கிறேன், உடனே மேல எழும்புறேன். அங்க டைல்ஸ், அதனால ஒண்ணும் ஆகலை. குகையில அந்த இடத்துல வண்டல்தானே இருக்கும்?

12 லிட்டர் ஸ்டீல் டேங்க், 5 மி.மீ. சூட், ஜாக்கெட் மாதிரி பி.சி.டி. (காத்து ஏத்தி இறக்கி மிதப்பைச் சரிக்கட்டுற சாமான்), இடுப்பு பெல்ட்ல 7 கிலோ, கனமான ரப்பர் ஃபின்.

இன்னும் மூணு சந்தேகம். என் துணை 15 லிட்டர் டேங்க் பயன்படுத்துறார், மூணுல ஒரு பங்கு விதியை ரெண்டு பேருக்கும் எப்படிக் கணக்குப் போடுறது? கண்ணை மூடிட்டு கயிறைப் பிடிச்சு வரணும்னு நினைச்சாலே மூச்சு வேகமாகுது, அது பழகுமா? கோர்ஸுக்கு முன்னாடி என்னென்ன வாங்கணும்?

சுழியோடி:
கயல், முதல்ல மூணு கேள்வி. குளத்துலயும் அதே 7 கிலோவா? டேங்க் பட்டை எந்த உயரத்துல இருக்கு? முடிச்சுப் போடும்போது கண் எங்க பார்க்குது?

கயல்:
ஆமா அண்ணா, அதே 7 கிலோதான். டேங்க் வால்வு கழுத்துக்குக் கொஞ்சம் கீழ இருக்கும், தலையில இடிக்கக் கூடாதுன்னு எப்பவும் இறக்கித்தான் கட்டுவேன். கண் ரீலைத்தான் பார்க்குது. வீடியோவுல தாடை நெஞ்சோட ஒட்டியிருக்கு.

சுழியோடி:
அப்போ பாதி விடை நீங்களே சொல்லிட்டீங்க.

உப்புத் தண்ணி நன்னீரை விடக் கிட்டத்தட்ட இரண்டரை சதவீதம் அடர்த்தி. நீங்களும் உங்க சாமானும் சேர்ந்து 90 கிலோன்னு வையுங்க, கடல்ல போடுறதுல ரெண்டு கிலோவுக்கு மேலயே நன்னீர்ல தேவைப்படாது. அந்தக் கூடுதல் எடை இடுப்புல இருக்கு. அதைத் தாங்க பி.சி.டி.யில காத்து ஏத்துறீங்க, அந்தக் காத்து தோள் பக்கம் போய்த் தங்குது. மேல் பாதியை ஒண்ணு தூக்குது, கீழ் பாதியை ஒண்ணு இழுக்குது. நீந்துற வரைக்கும் உங்க உதை இதை மறைச்சிடும். நின்னதும் ஏத்தம் மாதிரி ஒரு பக்கம் சாயுது. ரப்பர் ஃபின்னும், கீழ இறக்கிக் கட்டின டேங்கும் அதே பக்கம்தான் இழுக்குது.

முதல் வேலை எடையைச் சரிபார்க்கிறது. டேங்க்ல 50 பார் (காத்தழுத்த அளவு) மட்டும் மிச்சம் இருக்கும்போது பாருங்க, நிறைஞ்ச டேங்க்ல பார்த்தா ஏமாந்துடுவீங்க. 12 லிட்டர் டேங்க்ல 200 பார்ல இருந்து 50 பார் வரைக்கும் செலவாகுற காத்தோட எடையே ரெண்டு கிலோவைத் தாண்டும். குளத்தோட ஆழமான பக்கத்துல, பி.சி.டி.யில காத்தே இல்லாம, சாதாரணமா மூச்சு விட்டுக்கிட்டு அசையாம நிக்க முடியணும். மூழ்கினா ஒரு கிலோ எடுங்க, மறுபடி பாருங்க.

அடுத்து, மிச்ச எடையில கொஞ்சத்தை டேங்க் பட்டைக்கு மாத்துங்க. டேங்கை உள்ளங்கை அகலத்துக்கு மேல ஏத்துங்க. தலையைத் தூக்கும்போது வால்வு லேசாத் தட்டினா சரியான உயரம்னு அர்த்தம். முழங்காலை மடிச்சு, தொடையை நேரா வெச்சு, ஃபின்னைத் தரைக்கு இணையாப் பிடியுங்க. ரீலை வயித்துக்கிட்ட வெச்சு வேலை செய்யாதீங்க, முகத்துக்கு முன்னாடி கையை நீட்டி வேலை செய்யுங்க. தாடை குனிஞ்சா முதுகு வளையும், முதுகு வளைஞ்சா கால் இறங்கும்.

நன்னீர்:
காற்றுக் கணக்கை நான் சொல்கிறேன், இதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள்.

போகும்போது ஒரு பங்கு, திரும்பும்போது ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. அந்தக் கையிருப்பு உங்கள் துணைக்கானது. நீங்கள் இருவரும் அதிகத் தூரத்தில் இருக்கும்போது ஒருவர் காற்று முழுவதும் போய்விட்டால், மற்றவர் டேங்கில் இருப்பதை வைத்து இருவரும் வெளியே வர வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் டேங்க் அளவு ஏன் முக்கியம் என்று புரிந்துவிடும்.

இருவரிடமும் 200 பார். மூன்றால் வகுபடும்படி 180 என்று குறைத்து எடுத்தால் பங்கு 60 பார். உங்கள் 12 லிட்டர் டேங்கில் அது (60 × 12) 720 லிட்டர் காற்று, 140 பாரில் திரும்புவீர்கள். உங்கள் துணையும் தன் கணக்கில் 60 பார் செலவழித்தால் அவருக்கு அது 900 லிட்டர். இப்போது அவர் டேங்க் கைவிடுகிறது என்று வையுங்கள். உங்களிடம் இருப்பது 1,680 லிட்டர். இருவரும் வந்த வழியே திரும்ப 1,620 வேண்டும். மிச்சம் 60 லிட்டர். 20 மீட்டர் ஆழத்தில் இரண்டு பேர் பதற்றமே இல்லாமல் மூச்சு விட்டாலும் அது அரை நிமிடம்.

ஆகவே சின்ன டேங்கின் பங்குதான் இருவருக்கும் கணக்கு. 720-ஐ 15-ஆல் வகுத்தால் 48, அதை 45 பார் என்று குறைத்துக்கொள்ளுங்கள். அவர் 155-இல் திரும்ப வேண்டும், நீங்கள் 140-இல். யாருடையது முதலில் அந்த அளவைத் தொடுகிறதோ அப்போதே இருவரும் திரும்ப வேண்டும். இப்படிச் செய்தால் அதே நெருக்கடியில் 285 லிட்டர் மிஞ்சும். அதுவும் இரண்டு நிமிடம் சொச்சம்தான். மூன்றில் ஒரு பங்கு என்பது அதிகபட்ச எல்லை, நீங்கள் அதற்கும் முன்னதாகவே திரும்பலாம்.

1970-களில் ஃபுளோரிடாக் குகைகளில் நடந்த மரணங்களைக் குகை டைவர் ஷெக் எக்ஸ்லி ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது திரும்பத் திரும்ப வந்த காரணங்கள் மூன்று: வெளியிலிருந்து அறுபடாமல் வரும் கயிறு இல்லாதது, திரும்புவதற்கும் கையிருப்புக்குமாக மூன்றில் இரண்டு பங்கு காற்றை வைக்காதது, அளவுக்கு மீறிய ஆழம். இறந்தவர்களில் டைவிங் ஆசிரியர்களும் இருந்தார்கள். கேவர்னுக்கு எல்லைகள் வைத்திருப்பது அதனால்தான். பகல் வெளிச்சம் எப்போதும் கண்ணில் பட வேண்டும். மேற்பரப்பிலிருந்து ஆழமும் சேர்த்து மொத்தத் தூரம் சில பயிற்சி அமைப்புகளில் 40 மீட்டர், சிலவற்றில் 60 மீட்டர். உங்கள் ஆசிரியர் எதைப் பின்பற்றுகிறார் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

தூண்டில்:
கண்ணை மூடுற பயத்தைப் பத்தி நான் சொல்றேன் தங்கச்சி. எனக்கும் இருந்தது, காரணத்தோட இருந்தது.

கோர்ஸ் எதுவும் படிக்காத காலம். ஒரு பாறைத் திட்டுக்கு அடியில மீன் ஒண்ணு ஒதுங்கிச்சு, டார்ச்சை அடிச்சுக்கிட்டுப் பின்னாடியே போனேன். நாலு உடம்பு நீளம்தான் உள்ள போயிருப்பேன். திரும்பினா வந்த வழியே இல்லை. எதிர்ல பழுப்பா ஒரு சுவர், என் ஃபின் கிளப்பின மண்ணு. டார்ச் வெளிச்சம் அதுல பட்டு என் முகத்துலயே திரும்ப அடிச்சுது. டார்ச்சை நெஞ்சோட வெச்சு மறைச்சேன், அப்பத்தான் ஒரு ஓரத்துல மஞ்சள் கறை மாதிரி பகல் தெரிஞ்சுது. அதைப் பார்த்து வெளியே வந்தேன். கையில ஒரு கயிறு இருந்திருந்தா அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு வித்தியாசமா இருந்திருக்கும்னு இன்னைக்கும் நினைப்பேன். கண்ணு போனாலும் கயிறு வெளியே கொண்டுபோய் விடும்னு நான் நம்புறது அதனாலதான்.

தரையில பழகுங்க. நாற்காலி, மரம், கம்பம்னு எதுல வேணும்னாலும் இடுப்பு உயரத்துல கயிறு கட்டுங்க, ரெண்டு மூணு திருப்பம் வையுங்க. கண்ணைக் கட்டிக்கிட்டு, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வளையமா கயிறைச் சுத்தி இருக்கணும். இழுக்கக் கூடாது, கயிறு விரலுக்குள்ள வழுக்கிக்கிட்டே வரணும். இன்னொரு கை முகத்துக்கு முன்னாடி. கயிறு கட்டின இடம் வந்தா நின்னு, அந்தப் பக்கத்தைத் தடவித் தேடிப் பிடிச்ச பிறகுதான் இந்தப் பக்கத்தை விடணும். அப்புறம் துணையும் கண்ணைக் கட்டிக்கிட்டு உங்க கையைப் பிடிச்சு வரட்டும். ஒரு தள்ளு தள்ளினா போகலாம், இறுக்கிப் பிடிச்சா நில்லு, இப்படி முன்கூட்டியே பேசிக்கோங்க. பத்து தடவை செய்ங்க, மூச்சு தானா இறங்கும்.

இறங்காட்டியும் ஆசிரியர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. குகையில யார் வேணும்னாலும், எப்போ வேணும்னாலும், காரணமே சொல்லாம கட்டை விரலை மேல காட்டி டைவை முடிக்கலாம். பதில் கேள்வி கிடையாது.

ஆழ்கிணறு:
சாமானுக்கு என் யோசனை: இரண்டு மீட்டர் ஹோஸ் (துணைக்குக் காத்து கொடுக்க வசதியான நீளக் குழாய்), விங் வகை பி.சி.டி. (காத்துப் பை முதுகுப் பக்கம் மட்டும் இருக்கும்), பிரைமரி லைட் (முக்கிய டார்ச்) எல்லாத்தையும் இப்பவே வாங்கி ஆறு வாரம் பழகிட்டுப் போனா கோர்ஸ் சுலபமா இருக்கும்.

சுழியோடி:
இதுல எனக்கு ஒப்புதல் இல்லை. கால் இறங்குறது எதனாலன்னு இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கோம். இந்த நேரத்துல விங், புது ஹோஸ்னு மாத்தினா எல்லாம் முதல்ல இருந்து. ஆசிரியருக்கு ஆசிரியர் கேட்கிற அமைப்பும் வேற. பழகின ஜாக்கெட்லயே பல இடங்கள்ல கேவர்ன் கோர்ஸ் முடிக்கலாம். எழுதிக் கேட்டுட்டு வாங்குங்க. கட்டாயம் வேணும்னா டார்ச் ரெண்டு, கயிறு அறுக்கிற சின்னக் கத்தி, பையில ஒரு மாத்து மாஸ்க். ஸ்நார்க்கலைக் கழட்டி வெச்சிடுங்க, கயிறு அதுலதான் மாட்டும். தொங்குற ஹோஸ், கேஜ் எல்லாத்தையும் உடம்போட ஒட்டிக் கிளிப் பண்ணுங்க. கைக்காசை விட இப்போ உங்களுக்குத் தண்ணியில இருக்கிற நேரம்தான் அதிகம் தேவை.

ஆழ்கிணறு:
சரி, ஆசிரியரைக் கேட்டுட்டு வாங்குறதுதான் நல்லது. ஒத்துக்கிறேன்.

கயல்:
ரெண்டு வாரம் கழிச்சு வரேன். குளத்துல 50 பார் வரைக்கும் இறக்கிட்டுப் பார்த்தேன். 7 கிலோ தேவையே இல்லை, 4 போதும்! அதுல ஒண்ணரை கிலோவை டேங்க் பட்டைக்கு மாத்தி, டேங்கை மேல ஏத்தினேன். ரெண்டு நிமிஷம் அசையாம நின்னேன் அண்ணா, ஃபின் நுனிகூட தரையைத் தொடலை. வீடியோவைப் பார்த்து எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.

இப்போ வேற ஒண்ணு. முடிச்சுப் போடும்போது மெதுவா கம்பியை நோக்கி முன்னாடியே போயிடுறேன். ரீல்லயும் ஒரு தடவை கயிறு குருவிக்கூடு மாதிரி சிக்கிடுச்சு.

சுழியோடி:
ரொம்ப சந்தோஷம். முன்னாடி போறதுக்குப் பின்னுதை பழகணும். ஃப்ராக் கிக்கை (தவளை மாதிரி உதைக்கிறது) தலைகீழாச் செய்யுற மாதிரி: காலை நேரா நீட்டி, ஃபின்னோட ஓரத்தால தண்ணியைப் பக்கவாட்டுல அள்ளி உங்களை நோக்கிக் கொண்டு வரணும். வர ஒரு மாசம்கூட ஆகும், தினமும் பத்து நிமிஷம் போதும். மேல கீழ அடிக்கிற உதையை மறந்துடுங்க, அது தண்ணியை நேராத் தரைக்குத் தள்ளும். மணல்னா சீக்கிரம் படியும், களிமண் வண்டல் எழுந்தா மணிக்கணக்குல நிக்கும்.

ரீல் சிக்குறது நூல் தளர்றதால. சுத்து மேல ஒரு விரலை லேசா வெச்சு, விடும்போதும் சுத்தும்போதும் இறுக்கம் குறையாமப் பார்த்துக்கோங்க. ரீலும் டார்ச்சும் இடது கையில, கட்டுறதுக்கு வலது கை. முதல் கட்டு குகைக்கு வெளியே, நேரா மேல வரக்கூடிய இடத்துல. இரண்டாவது கட்டு உள்ளே நுழைஞ்சதும். ரீல் வெச்சிருக்கிறவர் முதல்ல உள்ள போவார், கடைசியா வெளிய வருவார்.

கயல்:
குறிச்சுக்கிட்டேன். தரையில கயிறு பயிற்சி எட்டுத் தடவை ஆச்சு. ஆறாவது தடவை மூச்சு சாதாரணமா இருந்தது. ஏழாவதுல ஒரு திருப்பத்துல கயிறை விட்டுட்டேன். நின்னு, கையால காத்துல துழாவி, அரை அடி தள்ளி அது இருந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. தொலைஞ்ச கயிறைத் தேடுறதைக் குளத்துலயும் கண்ணை மூடிட்டு நானும் துணையும் பழகிப் பார்க்கலாமா?

தூண்டில்:
வேண்டாம்மா. தண்ணிக்குள்ள கண்ணை மூடித் தேடுறதை ஆசிரியர் ஒரு கை தூரத்துல இருக்கும்போது மட்டும் செய்ங்க, கோர்ஸ்ல அதுக்குன்னு தனி நேரம் இருக்கு. அதுவரை தரையிலயே வேணும்னே விட்டுட்டுத் தேடுங்க. அடுத்த தடவை விட்டதும் கையை வீசாதீங்க. நின்ன இடத்துலயே நில்லுங்க, கயிறு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு யோசிங்க, அப்புறம் கையை நீட்டுங்க.